மிசின் அக்காவின் கிறிஸ்துமஸ்

டிசம்பர் மாதம் பாதி கழிந்துவிட்டால் எங்கள் ஊரில் நடந்து போகிற பெண்ணைப் பார்க்க முடியாது. எல்லாரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும், மாவு இடிக்க வேண்டும், தேங்காய் துருவ வேண்டும், வடசேரிக்குப் போய்த் துணி எடுக்க வேண்டும். எடுத்த துணி போதாதென்று மறுநாளும் போக வேண்டும். அந்த ஓட்டத்துக்கு நடுவில் ஒருத்தி மட்டும் குளத்துக்குக் குளிக்கப் போகிற நடையிலேயே போய்வந்துகொண்டிருப்பாள். அவளைத்தான் ஊர் மிசின் அக்கா என்று அழைத்தது.

நாகர்கோவிலிலிருந்து மணவாளக்குறிச்சிக்குப் போகிற ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி, தென்னந்தோப்புகளுக்கு இடையில் இருந்தது அந்த ஊர். நான் அங்கே பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில். அப்போதே அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். புருஷன் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. சிறுவயதில் மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்தபோது தையலும் ஆர்மோனியமும் கற்றுக்கொண்டிருந்தாள். ஊரில் காலால் மிதிக்கிற தையல் மிசின் அவள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. காலால் மிதிக்கிற ஆர்மோனியம் ஊர் வேதக்கோயிலில் இருந்தது. அதையும் அவள்தான் வாசித்தாள்.

பேசும்போது அவள் நம் முகத்தைப் பார்க்கமாட்டாள், தோளைப் பார்ப்பாள். அளவெடுக்கிற கண் அது. கல்யாணம் ஆகி வந்த மூன்றாம் நாள் என்னைக் கோயில் வாசலில் பார்த்துவிட்டு, “ஒனக்கு எடது தோளு கொஞ்சம் தாந்திருக்கு பிள்ள, தைக்கும்போ நான் பாத்துக்கிடுகேன்” என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

அந்த வருஷம் எனக்குத் தலைக் கிறிஸ்துமஸ். என் புருஷன் வடசேரிக் கடையிலிருந்து ஜம்பர் என்கிற ரவிக்கை தைக்க இரண்டு துண்டு வாங்கி வந்திருந்தார். அவர் அம்மா, என் மாமியும் தன் பங்குக்கு ஒன்று எடுத்துத் தந்தாள். மூன்றையும் தூக்கிக்கொண்டு மிசின் அக்கா வீட்டுக்குப் போனேன்.

“யாருக்கு?” என்று கேட்டாள்.

“எனக்குத்தான் அக்கா.”

“மூணுமா? ஒனக்கு எத்தன ஒடம்பு?”

அவள் மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மாமி எடுத்துத் தந்த நீலத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் மடித்து என் கையில் வைத்தாள்.

“கிறிஸ்மசுக்கு ஆளுக்கு ஒண்ணு. மத்தத தை மாசம் கொண்டு வா, நல்லா தைச்சுத் தாறேன். இருபத்திரெண்டாந் தேதி மிசின மூடிருவேன். பொறவு வந்து விளிக்காத.”

வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். ஊருக்கே வேண்டாதவளாகிவிட்டேன் என்று நினைப்பு. மாமி என் கையிலிருந்த துணியைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். “அவ அப்படித்தான் பிள்ள. எனக்கே எத்தன தரம் திருப்பித் தந்திருக்கா” என்றாள். அதைச் சொன்னபோது மாமியின் குரலில் இருந்தது கோபமில்லை, ஏதோ பெருமைபோல இருந்தது. தன் துணிதான் தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற திருப்தியாகவும் இருக்கலாம்.

ஆளுக்கு ஒன்று என்ற கணக்கு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அடுத்த வருஷம்தான் தெரிந்தது. அதற்குள் நான் அவளுக்குப் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு நெருங்கியிருந்தேன். ஒரு பகலில் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்.

“ஒரு வருசம் வந்த துணி எல்லாத்தையும் வாங்கிப் போட்டேன் பிள்ள. எனக்கு இல்லண்ணு சொல்லத் தெரியாது அப்போ. கோயில் மணியடிக்கது வரைக்கும் தைச்சேன். அப்படியே ஓடிப் போயி ஆர்மோனியத்துல உக்காந்தேன். முதல் பாட்டு முடிஞ்சுது. உபதேசியார் செபம் பண்ணத் தொடங்கினாரு. அவ்வளவுதான் எனக்கு ஓர்ம. கட்ட மேல தல வச்சு ஒறங்கிட்டேன். உள்ள காத்து மிச்சம் கெடந்திருக்கு. ஆர்மோனியம் ‘ஙீ’ண்ணு ஒரு சத்தம் போட்டுது பாத்துக்கோ, செபம் நிண்ணு போச்சு.”

நான் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“அதில்ல விசயம். முழிச்சு நிமிந்தா எல்லாரும் என்னயே பாக்காவ. நான் அவியளப் பாக்கல்ல. அவிய போட்டிருந்த சட்டையப் பாக்கேன். இந்தக் கை ஏறிக் கெடக்கு, அந்தக் கழுத்து கோணிக் கெடக்கு. ஆண்டவருக்க பிறந்தநாளுக்குப் போயி நான் கண்டது நாப்பது சட்டக் கை. ஒரு மூஞ்சியக்கூட காணல்ல. அண்ணைக்கு முடிவு பண்ணினேன், போதும்.”

‘போதும்’ என்ற சொல்லை அவள் சொல்வதுபோல வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மற்றவர்கள் சலிப்பில் சொல்வார்கள். அவள் வயிறு நிறைந்தவள்போலச் சொல்வாள்.

அவளுடைய பண்டிகை மிகச் சிறியது. இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம் மிசினுக்கு எண்ணெய் போட்டு, பழைய போர்வை ஒன்றால் மூடுவாள். மறுநாள் வீட்டைக் கழுவி, தன் வெள்ளைப் புடவையைச் சாம்பல் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து உலர்த்துவாள். அதற்கடுத்த நாள் முழுக்கக் கோயிலில் பாட்டுக்காரர்களோடு இருப்பாள். பண்டிகையன்று ஆராதனை முடிந்து வந்து ஒரு பானை சிறுபயறுப் பாயசம் காய்ச்சுவாள். யார் வந்தாலும் ஒரு கரண்டி. பலகாரம் சுடமாட்டாள். யார் வீட்டுக்கும் தட்டு அனுப்பமாட்டாள்.

தட்டு அனுப்பாதது ஊரில் சாதாரண விஷயமில்லை. எங்கள் வீட்டிலிருந்து மட்டும் இருபத்திரண்டு வீட்டுக்கு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அதிரசமும் போகும். அந்த வீடுகளிலிருந்து அதே முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அதிரசமும் எங்களுக்கு வரும். டிசம்பர் முழுக்க எங்கள் கையில் எண்ணெய்ச் சூடு பட்ட தழும்பு இருக்கும். ஒருதரம் நாலாவதாக வந்த தட்டைத் திறந்த மாமி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் இருந்தது அவளே உருட்டிய முந்திரிக்கொத்து. அவள் உருட்டும்போது கட்டைவிரலால் ஒரு குழி விழும். மூன்று வீடு சுற்றிவிட்டு எங்களிடமே திரும்பி வந்திருக்கிறது.

இதை மிசின் அக்காவிடம் போய்ச் சொன்னேன். “நல்லதுதான பிள்ள, ஊரு சுத்திப் பாத்துட்டு வீட்டுக்கு வந்திருக்கு” என்றாள்.

இப்படி இருந்தவளுக்கு எதிர்ப்பு பெரியவீட்டிலிருந்து வந்தது. தோப்பும் வயலும் மாடிவீடும் உள்ள குடும்பம் அது. அந்த வீட்டு அம்மாவுக்கு மூன்று பெண்கள், பேரப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். எல்லாரும் பண்டிகைக்கு வருவார்கள். ஆளுக்கு மூன்று என்று துணிமூட்டையை வில்வண்டியில் ஏற்றிக்கொண்டு அவளே வந்து இறங்கினாள். அக்கா மூட்டையைப் பிரித்து, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு, மீதியை அழகாக அடுக்கித் திருப்பி வைத்தாள். நான் அப்போது காஜா எடுத்துக்கொண்டு உள்ளே இருந்தேன்.

“துணி எனக்கது. தைக்கது ஒனக்க சோலி. எத்தனண்ணு கேக்கதுக்கு நீ யாரு?” என்றாள் அந்த அம்மா.

“தைக்கது எனக்க கை அம்மா. எனக்கு ரெண்டு கைதான் உள்ளு” என்றாள் அக்கா. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அந்த அம்மா ஒரு துண்டுகூட விடாமல் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். வடசேரியிலிருந்து ஒரு தையல்காரரை மிசினோடு வரவழைத்துத் தன் வீட்டில் ஒரு வாரம் உட்காரவைத்தாள். ஊரிலிருந்த மற்றவர்களும் தங்கள் மூன்றாவது நாலாவது துணிகளை அங்கே கொண்டு கொடுத்தார்கள். பிறகு முதலாவது துணியையும் அங்கேயே கொடுத்தார்கள். இரண்டு டிசம்பர் மாதங்கள் அக்காவின் மிசின் பெரும்பாலும் மூடியே கிடந்தது.

“பயமா இல்லியா அக்கா?” என்று கேட்டேன்.

“எதுக்கு? இந்த வருசந்தான் பாட்டுக்கு எடது கை சேத்து வாசிக்கப் படிச்சிருக்கேன். கேட்டியா நேத்து?”

கேட்டிருந்தேன். கோயிலில் பாட்டு அந்த வருஷம் இரண்டு மடங்கு கனத்து ஒலித்தது. தான் செய்வது சரி என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை. அந்த உறுதி யாரையாவது நோகடிக்கக்கூடும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

முப்பதுகளின் தொடக்கத்தில் வியாபாரம் மந்தமாகி, கொழும்புக்குப் போயிருந்தவர்கள் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். எங்கள் ஊரில் அப்படித் திரும்பியவர் ஞானம்மாளின் புருஷன். முந்தைய வருஷங்களில் அவர் டிசம்பரில் வந்து இறங்கினால் தெருவே கூடும். பெட்டியைத் திறந்தால் துணி வாசனையும் பிஸ்கட் வாசனையும் சேர்ந்து வரும். ஞானம்மாள் அதை அள்ளி அள்ளிக் கொடுப்பாள். இந்தமுறை அவர் கையில் ஒரு பையோடு வந்தார். நாலு பிள்ளைகள். குளத்தங்கரை வளைவில் வீடு. வந்ததிலிருந்து அவர் வெளியே தலைகாட்டவில்லை. டிசம்பர் பிறந்ததும் ஞானம்மாளும் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வழியில் கண்டால் தலைவலி என்பாள். காரணம் எல்லாருக்கும் தெரியும். பண்டிகை நெருங்க நெருங்க, புதுத்துணி இல்லாத வீட்டுக்கு வருகிற தலைவலி அது.

“நாளைக்கு ஞானம்மாவ நான் கூட்டிட்டு வாறேன் பாரு” என்றாள் அக்கா, பண்டிகைக்கு முந்தின நாள் பாட்டுப் பயிற்சி முடிந்ததும். அவள் ஒன்றைச் செய்வேன் என்றால் செய்வாள் என்பதால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கோயில் நிறைந்திருந்தது. ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம், பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். புதுத்துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியது. இரண்டாம் மணியும் அடித்தாயிற்று. ஆர்மோனியத்தின் முன்னால் ஆள் இல்லை. உபதேசியார் வாசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அக்காவுக்கு நெருக்கமானவள் நான்தானே. எழுந்து வெளியே வந்து குளத்தங்கரைக்கு ஓடினேன்.

ஞானம்மாள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே தரையில், வெள்ளைப் புடவை கசங்காமல், அக்கா கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஞானம்மாள் சுவரோடு சாய்ந்து நின்றாள். பிள்ளைகள் அடுக்களை வாசலில் ஒட்டிக்கொண்டு நின்றன. அவள் புருஷன் பின்பக்கம் போய்விட்டார்போல.

“அக்கா, எல்லாரும் காத்திருக்காவ. இன்னும் பாட்டு தொடங்கல்ல” என்றேன்.

“இவிய வந்தா நான் வருவேன். இல்லண்ணா எனக்கும் இங்கதான் கிறிஸ்மஸ்” என்றாள் அக்கா. “பழசு உடுத்தா என்ன? நானும் பழசுதான உடுத்திருக்கேன்?”

அப்போதுதான் ஞானம்மாள் வாயைத் திறந்தாள்.

“கேட்டியா அக்கா? கோயிலு முழுக்க காத்துக் கெடக்காம். இனி நாங்க உள்ள கேறினா எத்தன கண்ணு எங்க மேல விழும்? நாணப்பட்டு யாருக்கும் தெரியாம வீட்டுல இருந்தோம். நீ வந்து உக்காந்து ஊருக்கே தெரிய வச்சிட்டே. நீ பழசு உடுத்தா அது ஒனக்க கொள்கை. நான் பழசு உடுத்தா அது இல்லாமை. ரெண்டும் ஒண்ணா அக்கா?”

சொல்லி முடித்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அழவில்லை.

அக்கா நிமிர்ந்து ஞானம்மாளின் முகத்தைப் பார்த்தாள். தோளை அல்ல. வெகுநேரம் பார்த்ததுபோல எனக்குத் தோன்றியது. பிறகு எழுந்தாள்.

“தப்பு எனக்கதாக்கும் ஞானம்மா” என்றாள்.

வெளியே வந்ததும் புடவையை முழங்காலுக்கு ஏற்றிப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கினாள். டிசம்பர் மாதத்தில் அவள் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். கோயிலுக்குள் நுழைந்து, மூச்சு வாங்க, எல்லாருக்கும் கேட்கும்படி, “தாமதிச்சது எனக்க தப்பு. பொறுத்துக்கிடுங்க” என்றாள். எங்கே போனாள், ஏன் போனாள் என்று ஒரு சொல் இல்லை. என்னையும் சொல்லவிடவில்லை. உட்கார்ந்து வாசித்தாள். இடது கை ஒருமுறைகூடத் தவறவில்லை. ஆனால் அவள் கன்னம் நனைந்திருந்ததைப் பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன்.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து வழக்கம்போலப் பாயசம் காய்ச்சினாள். கரண்டியை என் கையில் கொடுத்தாள்.

“வாறவியளுக்கு நீ வெளம்பு.”

“நீ எங்க போறே? ஞானம்மா வீட்டுக்குப் பாயசம் கொண்டு போறியா?”

“ஒண்ணும் கொண்டு போகல்ல” என்றாள். வெறுங்கையை விரித்துக் காட்டிவிட்டு இறங்கி நடந்தாள்.

அங்கே நடந்ததைப் பிற்பாடு ஞானம்மாளே எனக்குச் சொன்னாள். முற்றத்தில் வந்து நின்று, “ஞானம்மா, எனக்குப் பசிக்கு. இண்ணைக்கு எனக்கு ஒனக்க வீட்டுலதான் சாப்பாடு” என்றாளாம். ஞானம்மாளுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

“இங்க மரச்சீனியும் சாளக் கறியுந்தான் இருக்கு.”

“ஆளுக்கு ஒண்ணு போதும்ணு சொல்லுகவ நான். இங்க ரெண்டுல்லா இருக்கு.”

வேறு வழியில்லாமல் பாயைப் போட்டு இலை வைத்தாளாம். அவித்த மரச்சீனிக் கிழங்கும், காந்தாரி மிளகாய் அரைத்துப் போட்ட சாளைமீன் குழம்பும். அக்காவுக்கு எரிப்பு ஆகாது. மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டக் கொட்டச் சாப்பிட்டாள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. இலை காலியானதும், “இன்னும் கொஞ்சம் வை” என்றாள். ஞானம்மாள் சட்டியை வழித்து வைத்தாள். “தண்ணி குடிச்சுக்கிட்டுத் தின்னு அக்கா, செத்துக் கித்துப் போகாத” என்று அதட்டவும் செய்தாள். அந்த அதட்டலைக் கேட்டுத்தான் அவள் புருஷன் பின்பக்கத்திலிருந்து உள்ளே வந்தார். அக்கா அவரிடம் கொழும்புக் கோயில்களில் எப்படி வாசிப்பார்கள் என்று கேட்டாள். வந்து இரண்டு மாதமாக யாரிடமும் பேசாத மனிதர் பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருந்தார்.

“துணி கொண்டு வந்திருந்தா வாசலோட அனுப்பியிருப்பேன். பாயசம் கொண்டு வந்திருந்தாலும் அப்படித்தான்” என்றாள் ஞானம்மாள் என்னிடம். “அவ எனக்க வீட்டுல கை நனைச்சப்பதான் நானும் ஒரு வீட்டுக்காரிண்ணு எனக்கு ஓர்ம வந்துது.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆறு பேரும் துவைத்த துணியில் கோயிலுக்கு வந்தார்கள். ஆராதனை முடிந்ததும் ஞானம்மாள் நேரே ஆர்மோனியத்திடம் போய், “ஏன் அக்கா பாட்ட இப்படி இழுக்கே? பிள்ளையளுக்குப் பசிக்கும்லா” என்றாள். அக்கா அடுத்த வாரம் வேகமாக வாசித்தாள்.

அதற்குப் பிறகு அக்கா மாறினாளா என்றால், பாதி மாறினாள். ஆளுக்கு ஒன்று என்பதை விடவில்லை. கொடுத்த துணியைத் திருப்பிக் கொடுப்பதையும் விடவில்லை. ஆனால் தன் பழைய புடவையைப் பற்றி அதன்பின் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வேறொன்றும் நடந்தது. கிறிஸ்துமஸ் அன்று மிசின் அக்கா ஞானம்மாள் வீட்டில் சாப்பிட்டாள், இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்ற செய்தி ஊரைச் சுற்றியது. முதலில் பொறாமைப்பட்டது எங்கள் மாமி. “இத்தன வருசம் தட்டு அனுப்பியிருக்கேன். எனக்க வீட்டுல ஒருநாளு கை நனைச்சிருப்பாளா அவ?” என்று புலம்பினாள். அடுத்த டிசம்பரில், கையில் எண்ணெய்ச் சூடு படுகிற நேரத்தில், சட்டியை இறக்கி வைத்துவிட்டு, “ஏட்டி, முந்திரிக்கொத்து மட்டும் போதும். மத்தத விடு. பண்டிகையண்ணைக்கு நாம ஒரு வீட்டுக்குப் போயி சாப்பிடுவோம்” என்றாள். எந்த வீடு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஞானம்மாளின் புருஷனுக்கு அதற்குள் குளச்சலில் கருவாட்டுக் கிடங்கு ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. மரச்சீனிக்கும் மீனுக்கும் அங்கே பஞ்சமில்லை.

நாங்கள் போனபோது எங்களுக்கு முன்னால் இரண்டு குடும்பங்கள் வந்து உட்கார்ந்திருந்தன. எங்களுக்குப் பின்னால் உபதேசியார் தன் பெண்சாதி பிள்ளைகளோடு வந்தார். பாய் போதவில்லை. அடுக்களையில் ஞானம்மாள் ஒரு பெரிய சட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை, ஆனால் அவள் அன்றைக்கு நின்ற நிமிர்வை எங்கள் பெரியவீட்டு அம்மாவிடம்கூட நான் பார்த்ததில்லை.

எல்லாருக்கும் கடைசியாக மிசின் அக்கா வந்தாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். ஒரு முழம் தரைகூடக் காலியில்லை.

“ஞானம்மா, எனக்கு எடமிருக்கா?”

“உள்ள எடமில்ல அக்கா” என்று அடுக்களையிலிருந்து ஞானம்மாள் கத்தினாள். “பசுவ அவுத்துத் தென்னையில கெட்டிட்டேன். தொழுவத்துல வைக்கோலு விரிச்சிருக்கு, அங்க போயி இரி.”

எல்லாருடைய கையும் இலையிலேயே நின்றது. ஞானம்மாளுக்கே தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், கரண்டியோடு வாசலுக்கு வந்து விழித்தாள். “ஆண்டவரு பிறந்தண்ணைக்கும் சத்திரத்துல எடமில்ல, தொழுவந்தான்” என்று உபதேசியார்தான் முதலில் சிரித்தார். பிறகு வீடே சிரித்தது. மிசின் அக்கா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“கொள்ளாம், நல்லதுதான் ஞானம்மா, அது போதும்” என்றாள். புடவையைச் செருகிக்கொண்டு தொழுவத்துப் பக்கம் நடந்தாள். நான் என் இலையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன். மாமி என் பின்னால் வந்தாள். நாங்கள் வைக்கோலில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, உபதேசியாரும் பிள்ளைகளும் இலைகளை ஏந்திக்கொண்டு முற்றத்தைக் கடந்து எங்களிடம் வந்துகொண்டிருந்தார்கள்.